ஹெக்டேர் கணக்கு போதும், தண்ணீர்க் கணக்கு எங்கே? மண்டாய் சேற்றுப் பரப்பு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: நகர மறுசீரமைப்பு ஆணையம், தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் ஜேடிசி, பொதுப் பயனீட்டுக் கழகம், தேசியப் பூங்காக் கழகம் ஆகியவற்றின் அதிகாரிகள், உட்லண்ட்ஸ், மார்சிலிங், இயூ டீ, கிராஞ்சி வட்டாரவாசிகள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சிங்கப்பூரின் வடமேற்கே, கிராஞ்சிப் பக்கம் பத்தாண்டு கழித்து வருகிறவர் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும். குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தத் திடல் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்தின் கைக்குத் திரும்பி, அங்கே வீடுகள் எழும். மரக்கிடங்குகளும் அறைகலன் பட்டறைகளும் நிறைந்த சுங்கை காடுட், 500 ஹெக்டேர் சுற்றுச்சூழல் வட்டாரமாகக் கட்டங்கட்டமாக உருமாறுகிறது. டவுன்டவுன் ரயில் பாதை 2035 வாக்கில் அங்கே வந்து வடக்கு தெற்குப் பாதையோடு சேரும். இத்தனைக்கும் பக்கத்தில், கிராஞ்சி அணைக்கும் ஜோகூர் கடற்பாலத்துக்கும் நடுவில், கடல் வற்றும்போது வெளியே தெரியும் வெறுஞ்சேறும் அலையாத்திக் காடுமாகக் கிடக்கிறது மண்டாய் சேற்றுப் பரப்பு.

அதைக் காப்பதாக அரசாங்கம் சொல்லியாயிற்று. 72.8 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக 2018இல் அறிவித்து, 2020இல் 400 ஹெக்டேரைத் தாண்டிய சுங்கை பூலோ இயற்கைப் பூங்காக் கட்டமைப்பிலும் சேர்த்தது. அதற்கு நன்றி. ஆனால் அன்றிலிருந்து கலந்துரையாடல் என்று எங்கே கூடினாலும் ஒரே படம்தான் திரையில் விழுகிறது: ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சாம்பல், நடுவில் ஒரு கோடு. ஒரு தரப்பு கோட்டை அந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறது, மறுதரப்பு இந்தப் பக்கம். புதிய அரசாங்க வீட்டுக்கான பிடிஓ குலுக்கலில் நிற்கும் பிள்ளைகள் எல்லார் வீட்டிலும் இருப்பதால் வீடு கட்டாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. பறவை போனால் போகட்டும் என்று சொல்லவும் மனம் வருவதில்லை. கடைசியில் எல்லாம் ஹெக்டேர் பேரமாக முடிகிறது.

இந்த மடலை எழுதுகிறவர்கள் வடிகால், அடித்தளப் பணி, பறவைக் கணக்கெடுப்பு ஆகியவற்றோடு பழகியவர்கள். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: கோடு எங்கே விழுகிறது என்பதைவிட, கோட்டைத் தாண்டி என்ன ஓடி வருகிறது என்பதே இந்தச் சேற்றுக்கு முக்கியம். எவ்வளவு மண், எவ்வளவு நன்னீர், எவ்வளவு சத்தம், எந்த நேரத்தில். இந்தக் கணக்கைக் கட்டட ஒப்பந்தத்துக்குள் எழுதாவிட்டால், 72.8 ஹெக்டேர் வரைபடத்தில் பத்திரமாக இருக்கும், சேற்றுக்குள் புழு பூச்சிகூட மிஞ்சாது.

முதலில் மண்ணைப் பற்றி.

கட்டுமானத் தளத்திலிருந்து பொதுக் கால்வாயில் விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் இருக்கக்கூடாது என்பது விதி. மண்ணரிப்புக் கட்டுப்பாட்டுக்கென்று தகுதிபெற்ற நிபுணர் திட்டம் வரைந்து கையெழுத்திட வேண்டும். கால்வாய் வாயில் கேமராவும் உண்டு. மண்ணரிப்பைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாடுகளையெல்லாம் சேர்த்துத் தளத்தில் ‘ஈசிஎம்’ என்பார்கள். விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு ஹெக்டேர் மண்ணைத் திறந்து போட்டிருப்பதாக வையுங்கள். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது. இங்கே அது அதிசயமில்லை. ஒரு மணி நேரத்தில் 600 கன மீட்டர் நீர். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வந்தால், நிமிடத்துக்கு 8 கன மீட்டர். 50 கன மீட்டர் கொள்ளும் வண்டல் தொட்டி ஆறு நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்கப்புறம் ஒரு முனையில் விழும் செந்நீர் மறுமுனையில் அப்படியே வெளியேறும். மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி முடிப்பதற்குள் கால்வாய் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும்.

தொட்டியில் நீர் தங்கினாலும் எல்லா மண்ணும் அடங்குவதில்லை. மணல் சில நொடிகளில் கீழே போகும். 2 மைக்ரான் களிமண் துகள் அசையாத நீரில் 1 மீட்டர் இறங்க இரண்டரை, மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டுத் துகள்களைத் திரளவைக்கிறார்கள். அளவு குறைந்தால் கலங்கல் தெளியாது, கூடினால் நீர் புளித்துப்போகும். குவளையில் நீர் எடுத்து, வெவ்வேறு அளவு மருந்து கலந்து, எது தெளிகிறது என்று பார்த்து அன்றைய அளவை முடிவுசெய்ய வேண்டும். நடைமுறையில், மருந்துக் கருவியில் போன மாதம் வைத்த குமிழை யாரும் தொடுவதில்லை.

சாதாரணக் கால்வாய்க்கும் மண்டாய்க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். நன்னீரில் நாள்கணக்கில் மிதக்கும் அதே களிமண், உப்புநீரைத் தொட்ட மாத்திரத்தில் தானாகவே திரண்டு படியத் தொடங்கும். ஓடை கடலோடு கலக்கும் முகத்தில், அலையாத்திகள் நிற்கும் இடத்தில்தான் அது நடக்கிறது. மேலே ஒருவர் ஊரைவிட்டே கடத்திவிட்டதாக நினைக்கும் மண், கீழே வெண்கண்டல் மரத்தின் காலடியில் வந்து உட்காருகிறது.

வெண்கண்டலைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். அந்தப் பென்சிலின் தோலில் பொடிப்பொடியாகத் துளைகள். சேற்றுக்குள் காற்றில்லாததால், கடல் வற்றும்போது மரம் இந்தத் துளைகள் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. சிறிது சிறிதாகப் படியும் வண்டலுக்கு ஈடாக வேரும் வளரும். ஒரே மழைக்காலத்தில் பத்து சென்டிமீட்டர் படிந்தால் மரம் சாகக்கூடும். உடனே சாகாது. இலை மெலிந்து, கிளை நுனி காய்ந்து, ஒன்றிரண்டு ஆண்டில் நிற்கும் கட்டையாகும். அதற்குள் குத்தகையாளர் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

எனவே, மண்டாய்க்கு நீர் இறங்கும் கால்வாய்களின் மேல்பகுதித் தளங்களுக்கு ஒப்பந்தப்புள்ளியிலேயே சில நிபந்தனைகள் வேண்டும். பெரிய நிபந்தனைகளைவிட, வேலையின் வரிசையைக் காக்கும் நிபந்தனைகளைக் கேட்கிறோம். சிமெண்ட் பூசிய சுற்று வாய்க்கால், தொட்டி, சுத்திகரிப்புக் கருவி மூன்றும் ஓடத் தொடங்கிய பிறகுதான் முதல் மரத்தை வெட்டலாம். இப்போது பல இடங்களில் முதலில் காடு போகிறது, மண் திறக்கிறது, வாய்க்கால் அடுத்த மாதம் வருகிறது. 2021இல் கிராஞ்சியில் சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன்பே காட்டின் ஒரு பகுதி தவறுதலாக அழிக்கப்பட்டது நாடறிந்த செய்தி. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று அப்போதே பார்த்துவிட்டோம். அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை ஹெக்டேர் மண் திறந்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை அது பாதியாகக் குறைய வேண்டும். அன்றன்றைக்கு வேலை முடியும் சரிவை அன்றைக்கே மூட வேண்டும். சேற்றுத் தடுப்புத் துணியின் அடிப்பகுதியை ஒரு சாணாவது மண்ணில் புதைக்க வேண்டும். வெறுமனே குச்சியில் கட்டித் தொங்கவிட்ட துணிக்கு அடியில் நீர் தாராளமாக ஓடும். பார்வைக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்குப் பச்சைத் துணி தெரியும், அதன் கீழே இருக்கும் ஓட்டை தெரியாது.

இன்னொன்று, எளிதானது, ஏனோ யாரும் செய்வதில்லை. இந்தத் தளங்களில் மண் வெட்டி பிடிப்பவர்களிலும் பம்ப் இயக்குபவர்களிலும் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் பாதுகாப்பு வார் பற்றித் தமிழில் சொல்கிறார்கள், வங்காளியில் சொல்கிறார்கள். தொட்டி பற்றி மட்டும் ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்குகிறது. தொட்டி நிரம்பும்போது பம்பைக் கால்வாய்ப் பக்கம் திருப்பக்கூடாது, மேலே திறந்த குழியில் விட வேண்டும் என்று ஒரு வரி தமிழில் எழுதி, பம்பின் குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். மழை இரவு 2 மணிக்குப் பெய்யும். அப்போது அங்கே நிபுணர் இருக்கமாட்டார், ராமநாதபுரத்துத் தம்பிதான் இருப்பார்.

அடுத்தது நன்னீர். மழைநீர் சுத்தம்தானே, அதனால் என்ன கேடு என்று கேட்பவர்கள் அதிகம். சேற்றுக்குள் வாழும் புழு, சிப்பி, நத்தை எல்லாம் உப்புக்குப் பழகியவை. இங்குள்ள கடல்நீரில் ஆயிரத்தில் சுமார் 30 பங்கு உப்பு. அது சடாரென்று இறங்கி நாள்கணக்கில் அப்படியே நின்றால் அவை தாங்கா. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் பெருவெள்ளம் வந்து ஆற்றுநீர் கடலில் இறங்கியபோது, புலாவ் உபினின் செக் ஜாவாவில் கடலுயிர்கள் கும்பல் கும்பலாகச் செத்தன. எந்தக் கட்டுமானமும் இல்லாமலே அது நடந்தது. அந்த இடத்தைக் காப்பதற்காக நிலமீட்புத் திட்டத்தையே 2002இல் தள்ளிவைத்திருந்தோம். ஆனால் நன்னீர் எல்லைக்கோடு பார்த்து வரவில்லை.

மண்டாய்ப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. 1924இல் கடற்பாலம் முழுமையானதிலிருந்து ஜோகூர் நீரிணை நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே நீர் ஓடி அலசுவதில்லை. வந்தது மெல்லத்தான் போகும். கூரையும் தார்ச்சாலையும் பெருகப் பெருக, முன்பு மண்ணில் ஊறிய மழை இப்போது அரை மணி நேரத்தில் ஓடைவாயை எட்டும்.

0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள புதிய கட்டுமானங்கள் ஓடும் நீரின் உச்ச அளவைக் குறைக்க வேண்டும் என்ற விதி 2014இலிருந்து இருக்கிறது. ஓட்டக் கெழு, அதாவது பெய்யும் மழையில் ஓடி வரும் பங்கு, 0.55ஐத் தாண்டக்கூடாது. அது வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட விதி. நிலத்தடித் தொட்டி உச்சத்தைத் தட்டையாக்கும், ஆனால் அதே நீர் சில மணி நேரம் கழித்து முழுவதும் வந்து சேரும். சேற்றுப் பரப்புக்கு மொத்த அளவும் குறைய வேண்டும். செடிப் படுகை, ஊறும் தரை, கூரைநீரை ஆலையிலேயே பயன்படுத்துவது ஆகியவை மொத்தத்தைக் குறைக்கும். தொட்டி மட்டும் குறைக்காது. புதிய சுங்கை காடுட்டிலும் பழைய பந்தயத் திடலிலும், மண்டாய்க்கு இறங்கும் ஒவ்வொரு கால்வாய்க்கும் தனித்தனியாக ஆண்டு மொத்த நீரளவு இப்போது எவ்வளவு, கட்டி முடித்த பிறகு எவ்வளவு என்று இரண்டு எண்களை வெளியிடுங்கள். எந்தப் பகுதியின் நீர் எந்த வாயில் இறங்கும் என்ற படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். ஹெக்டேர் படத்தைவிட எங்களுக்கு அதுதான் தேவை.

இனி பறவைகளுக்கு வருவோம். குத்தகையாளர்களே, இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது.

செப்டம்பர் முதல் மார்ச் வரை பவளக்காலி, சின்னக் கோட்டான், பொன் உப்புக்கொத்தி போன்றவை வடக்கேயிருந்து வந்து தங்குகின்றன. பவளக்காலி சுமார் 120 கிராம்தான் இருக்கும். இங்கே கருவி பொருத்தி விட்ட பவளக்காலிகள் இமயமலையைக் கடந்து போனது பதிவாகியிருக்கிறது. கடல் வற்றும்போது அவை மண்டாய்ச் சேற்றில் மேயும். ஏறும்போது அங்கே நிற்க இடமில்லை. சுங்கை பூலோவுக்குப் பறந்துபோய் அங்குள்ள பழைய இறால் குளங்களில் ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். அந்தக் குளங்களின் மதகுகளை இன்றும் பார்த்துப் பார்த்துத் திறந்து மூடி, வெளியே கடல் ஏறி நிற்கும்போது உள்ளே கொஞ்சம் சேறு வெளியே தெரியும்படி வைக்கிறார்கள். ஏரிப்பாசன ஊரிலிருந்து வந்த வம்சத்துக்கு மதகின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1989இல் 87 ஹெக்டேராக ஒதுக்கி, 1993இல் திறந்து, 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமான சுங்கை பூலோ, மண்டாய் இல்லாவிட்டால் சோறில்லாத படுக்கையறைதான்.

இந்தப் போக்குவரத்துக்கு, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணைதான் கடிகாரம். இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். மறுநாள் எல்லாமே சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையைக் கடல்துறை, துறைமுக ஆணையம் முன்கூட்டியே வெளியிடுகிறது. சேறு நீருக்கடியில் இருக்கும் நேரத்தில் மண்டாயில் மேயும் பறவை இல்லை. ஆக, கரையோரத் தளத்தில் காது கிழியும் வேலைகளை ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரத்தில் வைத்துக்கொண்டால், பறவைகள் தங்கும் பருவம் முழுவதும் வேலையை நிறுத்தத் தேவையில்லை. சுங்கை பூலோ பக்கத்துத் தளத்துக்கு இதே விதி தலைகீழ்: அங்கே ஏற்றத்தின்போது அமைதி வேண்டும்.

கான்கிரீட் ஊற்றும்போது கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா என்று பொறியாளர்கள் கேட்பது நியாயம். துளைத்து இறக்கும் தூணில் பாதி ஊற்றி நிறுத்தினால் இணைப்பு கெட்டுவிடும், லாரியில் கலவை இறுகிவிடும். அதனால் ஊற்றும் வேலையைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. அதன் சத்தம் ஒரே சீரானது. மண் சரியாமல் தடுக்கும் இரும்புத் தகட்டை அதிர்வு எந்திரத்தால் இறக்குவது, தூண்தலையை உடைப்பது, சுத்தியலால் அடிப்பது, இந்த மூன்றையும் மட்டும் நேரத்துக்குள் அடக்குங்கள். தகட்டுக்கு நீரழுத்தத்தால் அழுத்தி இறக்கும் எந்திரம் சந்தையில் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் நேரக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தால் குத்தகையாளரே அதைத் தேர்ந்தெடுப்பார். பகல் ஏற்றம் தினமும் நகர்வதால் வாரத் திட்டத்தை அட்டவணையோடு ஒட்டிப் போட வேண்டும். இது ஒன்றும் புது வித்தை இல்லை, கடலில் வேலை செய்யும் எல்லாருமே அப்படித்தான் செய்கிறார்கள்.

விளக்கு பற்றிச் சுருக்கமாக: கடலைப் பார்த்து ஒளி சிந்தாத மூடிய விளக்கு, தாழ்ந்த கம்பம், 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளி, ஆளில்லாத நேரத்தில் மங்கலாக்குவது. செலவு பெரிதில்லை, தொடக்கத்திலேயே எழுதிவிட்டால்.

இப்படியெல்லாம் எழுதினால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: குறுக்குத் தீவு ரயில் பாதைக்காக மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில் மண் ஆய்வு செய்தபோது, 72 துளைகளாகத் திட்டமிட்டிருந்ததை 16 ஆகக் குறைத்தார்கள். எந்திரத்தைச் சத்தம் வராதபடி மூடினார்கள், கழிவுநீரைத் தொட்டியில் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். பாதையே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகிறது. காட்டுக்குச் செய்ததைச் சேற்றுக்கும் செய்யலாம்.

வட்டார மக்களே, அடித்தள அமைப்புகளே, ஆலயக் குழுக்களே, இனி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

அலையாத்தி நடுவிழா வேண்டாம். மனம் புண்படும் என்று தெரிந்தேதான் சொல்கிறோம். மேல்சட்டை ஒரே நிறத்தில் அணிந்து, சேற்றில் இறங்கி, ஆளுக்கு ஒரு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிக்கு எப்போதும் காலி இடமாகத் தெரிவது சேற்றுப் பரப்புதான். அங்கே மரம் இல்லாததற்குக் காரணம் யாரும் நடாதது இல்லை. சராசரிக் கடல் மட்டத்துக்குக் கீழே அலையாத்தி நிலைக்காது: நீண்ட நேரம் மூழ்கிக் கிடக்கும், கொட்டலசு என்ற ஓடுள்ள கடலுயிர் ஒட்டிக்கொள்ளும், மிதந்து வரும் நெகிழிப் பை சுற்றிக்கொண்டு சாய்க்கும். தப்பித்தவறிப் பிழைத்தால் அது இன்னும் மோசம். பறவை மேயும் சேற்றில் மரம் நின்றுவிடும். குதிரைலாட நண்டுக் குஞ்சுகள் வற்றத்தின்போது ஊர்ந்து திரிவதும் அதே வெறுஞ்சேற்றில்தான். அவை அடர்ந்து வாழும் இடம் மண்டாய். நூறு ஜோடி காலணி ஒரே காலையில் அங்கே இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைவிடப்பட்ட குளங்களை அலையாத்தியாக மீட்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது நீர் வந்துபோகும் வழியை. கரையை எங்கே உடைத்தால் ஓதம் சரியாக உள்ளே வரும், தரை எவ்வளவு உயர வேண்டும் என்று அளந்து சரிசெய்தால், விதை கடலிலிருந்தே மிதந்து வந்து தானே முளைக்கும். புலாவ் உபினின் பழைய இறால் குளங்களுக்கு இந்த வழியைத்தான் பேசுகிறார்கள். கை சும்மா இருக்கக்கூடாது என்பவர்களுக்கு உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது: ஓடைகளில் விட்டுப்போன நைலான் வலைகளை அகற்றுவது. நண்டும் பறவையும் அவற்றில் சிக்கித்தான் சாகின்றன. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு, சிறு குழுவாகப் போக வேண்டும். கிளைகளை ஒடிக்க வேண்டாம். சிதம்பரத்தின் தலமரமான தில்லை இந்தக் கரைகளிலும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மலாய்க்காரர்கள் அதற்கு ‘பூத்தா பூத்தா’ என்று பெயர் வைத்ததும், குருடு என்ற பொருளில், அதனால்தான். வழிபாட்டுப் பொருள்களைக் கடலோரத்தில் விடுபவர்கள் நெகிழிப் பையையும் பட்டுத் துணியையும் வீட்டுக்கே திரும்ப எடுத்துப் போங்கள்.

கொசுவைப் பற்றிய புகார் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. டெங்கி பரப்பும் ஏடிஸ், ஓதம் ஏறி இறங்கும் உப்புச்சேற்றில் பெருகுவதில்லை. அதற்குப் பூந்தொட்டித் தட்டும் தளத்தில் கிடக்கும் வாளியும் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. புதிய சாலைக்காகப் போடும் குழாய் மதகு அடைபட்டால் பின்னால் உப்பும் நன்னீரும் கலந்த குட்டை தேங்கும், கடலோர மலேரியாக் கொசு அதில் பெருகும். சிங்கப்பூர் 1982இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது நமக்கு நினைவிருக்கட்டும். சதுப்பு ஓடிக்கொண்டிருக்கும்வரை கொசுத் தொல்லை குறைவு, ஓட்டத்தை நிறுத்தினால்தான் பிரச்சினை. நாற்றமும் அப்படியே: வற்றத்தில் வரும் அழுகிய முட்டை வாடை சேற்றின் இயல்பு, கடல் ஏறியதும் போய்விடும். கடல் ஏறிய பின்னும் போகாமல், மலமோ எண்ணெயோ போல் வாடை அடித்தால் கழிவுநீர்க் கசிவாக இருக்கலாம். அதற்குத்தான் புகார் கொடுக்க வேண்டும், நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்.

மீண்டும் அதிகாரிகளிடம்: கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது நம் நாட்டின் கணிப்பு. வடமேற்குக் கரைக்கான தற்காப்புத் திட்டம் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் மேசையில் இருக்கிறது. அலையாத்தி இருந்தால் சுவர் வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களோடு நாங்கள் உடன்படவில்லை. நூறு மீட்டர் அலையாத்தி அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடுவரை குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அலையைத்தான், ஏறி நிற்கும் கடல்மட்டத்தை இல்லை. சுவர் வேண்டும். எங்கே கட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கடல் ஆண்டுக்கு 6, 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால், அலையாத்தி தன் தரையை உயர்த்தி ஈடுகொடுப்பது கடினம். நிலத்தின் பக்கம் நகர்ந்தாக வேண்டும். நூற்றுக்கு ஒன்று சரிவுள்ள தரையில் கடல் 1 மீட்டர் ஏறினால் காடு 100 மீட்டர் பின்வாங்க வேண்டும். மரத்தின் முதுகிலேயே சுவர் எழுப்பினால் அதற்குப் போக்கிடமில்லை.

சுங்கை காடுட்டில் குத்தகைக் காலம் முடிந்து காலியாகும் கரையோர மனைகள் இதற்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அங்கே முதல் வரிசை மனைகளை மீண்டும் குத்தகைக்கு விடாமல், சுவரை ஒரு மனை பின்னால் தள்ளிக் கட்டுங்கள். இடைப்பட்ட நிலத்தை உடனே காடாக்க வேண்டியதில்லை. விளையாட்டுத் திடல், சைக்கிள் பாதை, ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்காரும் புல்வெளி எது வேண்டுமானாலும் இருக்கட்டும். கான்கிரீட் மட்டும் வேண்டாம். கடல் வரும்போது அது தானே இடம் மாறிக்கொள்ளும்.

கடைசியாக, இதையெல்லாம் அளக்காமல் பேச முடியாது. வேலை தொடங்குமுன் இரண்டு பருவமழையையும் உள்ளடக்கிய ஓராண்டு அளவீடு வேண்டும். கலங்கல், உப்பு, வெப்பம், நீர்மட்டம் நான்கையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவிகள் நான்கு போதும்: கால்வாய் வாயில் ஒன்று, ஓடைக்குள் ஒன்று, சேற்றின் விளிம்பில் ஒன்று, ஒப்பிடுவதற்குச் சுங்கை பூலோவில் ஒன்று. அந்த நான்காவதை வெட்டிச் செலவு என்று நீக்கிவிடாதீர்கள். பெரிய ஓத நாள்களில் கடல் தானாகவே கலங்கும். கடலே அப்படித்தான் என்று குத்தகையாளர் சொல்லும்போது, உண்மையா இல்லையா என்று சொல்ல அது ஒன்றால்தான் முடியும். கருவி காட்டும் கலங்கல் எண்ணை நேரடியாக மில்லிகிராமாக எடுத்துக்கொள்ளக்கூடாது, அந்தந்த இடத்து நீரைப் போத்தலில் பிடித்து ஆய்வகத்தில் நிறுத்து ஒப்பிட வேண்டும். இந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரத்தில் கருவியின் கண்ணில் கொட்டலசு முளைத்துவிடும்; துடைக்க ஆள் போட்டாக வேண்டும், துடைத்த தேதியும் பதிவில் இருக்க வேண்டும். அளவுகள் அன்றன்றைக்கே பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கட்டும்.

கருவிகளை ஆகஸ்ட் முடிவதற்குள் பொருத்திவிடுங்கள். செப்டம்பரில் பறவைகள் வந்துவிடும்; அதற்கப்புறம் சேற்றில் கம்பம் நட யாரும் இறங்கக்கூடாது.

இப்படிக்கு,
வடமேற்குக் கரையோரத்தில் வாழும், வேலை செய்யும் சிலர்